கூர் மழுங்கிய பாட்டு

சாம்பியன் ரீஃப்,
கோலார் தங்கவயல்.
ஆடி கடைசித் திங்கள்

அன்புத் தங்கை சுமாவுக்கு,

அக்கா வாணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளை பிரதாப்பும் நலமாயிருக்க அம்மன் அருள வேண்டும் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். முறை அதோடு முடிந்தது. இனி வரும் வரிகளில் நல்ல வார்த்தை எதையும் எதிர்பார்க்காதே.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே, அக்கா கத்தாதே என்று வைத்துவிடுவாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் வேகத்தைக் கூட்டி ஓடவிட்டுக் கேட்பாய். இல்லாவிட்டால் அதையும் அந்த ஸ்டுடியோக்காரன் கிரணிடம் கொடுத்து, என் கோபத்தில் காதைக் குத்துகிற இடங்களையெல்லாம் இழைத்துத் தரச் சொல்வாய். காகிதத்தில் எழுதியதை யாரும் குறைக்கவோ கூட்டவோ முடியாது. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுக்கப் படி.

நீ செய்த காரியத்தை முதலில் உனக்கே சொல்கிறேன். நம் லைன் வீடுகளின் மாரியம்மன் திருவிழாவுக்காக நீ அங்கிருந்து பாடி அனுப்பிய பாட்டை நான் மிக்ஸ் செய்து உனக்கு அனுப்பினேன். குரல் ரொம்பக் கீச்சென்று இருக்கிறது, கேட்கவே கூச்சமாயிருக்கிறது என்று ஒரு வரி போட்டாய். அது அப்படித்தான் இருக்க வேண்டும், காரணம் இருக்கிறது, திருவிழா முடிந்ததும் சொல்கிறேன் என்றேன். அதுவரை உனக்குப் பொறுக்கவில்லை. உன் குரல், நீ பாட நான் இங்கே பதிந்து அனுப்பிய பம்பை, உடுக்கை, சிலம்பு எல்லாவற்றையும் எடுத்து, பெங்களூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் மாப்பிள்ளையின் நண்பன் கிரணிடம் கொடுத்து, வேறு மிக்ஸ் செய்யவைத்து, நேராகத் திருவிழாக் கமிட்டி தாமோதரன் அண்ணனின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிட்டாய். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. கோயில் வாசலில் ஹாரன் ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்த பிறகுதான் அது நான் செய்தது இல்லை என்று எனக்கே தெரிந்தது. கூடப்பிறந்தவள் முதுகுக்குப் பின்னால் செய்கிற வேலையா இது?

கிரணைத் திட்ட மாட்டேன். அவன் வேலை சுத்தம். உன் குரலில் மூவாயிரம், நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் ஊசிபோல் குத்துகிற இடத்தை அளவாக இறக்கியிருக்கிறான். ‘ச’ வருகிற இடங்களில் எழும் சீறலை அடக்கியிருக்கிறான். நீ உச்சத்துக்குப் போகும்போது எகிறுகிற சத்தத்தைக் கம்ப்ரஸர் போட்டுப் பிடித்து வைத்திருக்கிறான். பம்பையை முன்னால் கொண்டுவந்து, குரலை அதற்குச் சற்றுப் பின்னால் உட்காரவைத்து, சுற்றிலும் கொஞ்சம் எதிரொலி. ஹெட்போனில் கேட்டால் வெல்லப்பாகு. வேறு யார் பாட்டாக இருந்தாலும் நானே கூப்பிட்டுப் பாராட்டியிருப்பேன். திருவிழாவிலும் எல்லோரும் பாராட்டினார்கள். சினிமாப் பாட்டு கெட்டது போங்கள் என்று தாமோதரன் அண்ணன் மைக்கிலேயே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் உன் குரல் கேட்கவில்லை, சுமா. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, முதல் வரிசையில், ஹாரனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த, நம்மைப் பெற்ற நைனாவுக்கு.

நைனாவுக்குக் காது போய்விட்டது. இத்தனை வருடம் சுரங்கத்துக்குள் பாறையைத் துளைக்கிற மெஷினைத் தோளில் முட்டுக்கொடுத்துப் பிடித்தவருக்குப் போகாமல் என்ன செய்யும்? எல்லாச் சத்தமும் போகவில்லை. பம்பை கேட்கும், லாரி கேட்கும், தாமோதரன் அண்ணனின் தொண்டை கேட்கும். பெண்பிள்ளைகள் பேச்சில் எந்த இடத்தை வைத்து வார்த்தையைப் பிரித்துக் கேட்கிறோமோ, அந்த இடம்தான் அவருக்கு முக்கால்வாசி போய்விட்டது. நீ பாடுகிற குரல் முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது.

உனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று யோசித்து யோசித்து எனக்கு ஆத்திரம்தான் மிச்சம். நம் லைனில் மெஷின் பிடித்தவர்கள் வீட்டில் யார் மெதுவாகப் பேசினார்கள்? உப்பு வேண்டுமென்றாலும் கத்தல்தான், தூக்கம் வருகிறதென்றாலும் கத்தல்தான். அதற்குப் பெயர் பேச்சு என்று நினைத்தே வளர்ந்தோம். அதிலும் நீ எப்பேர்ப்பட்டவள்! பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாயில் வந்துவிட்டதென்று நீ கத்தினால் மூன்று லைன் தள்ளியிருக்கிற வெங்கடம்மா குடத்தோடு ஓடி வருவாள். அந்தத் தொண்டையோடு போனவள், அங்கே பஸ்ஸில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள் என்று, மாப்பிள்ளை மெதுவா, மெதுவா என்று சொல்கிறார் என்று, ஆஸ்பத்திரியில் நோயாளி பக்கத்தில் பேசுவதுபோலப் பேசப் பழகிவிட்டாய்.

அந்தக் குரலில்தான் இரண்டு வருடமாக ஞாயிறு தோறும் போன் செய்து நைனா எப்படி இருக்கீங்க என்கிறாய். அவருக்கு ஒன்றும் கேட்பதில்லை. ஆங், சரி, சரி என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுகிறார். நீ என்ன புரிந்துகொண்டாய்? தான் வெளிநாடு போனதில் நைனாவுக்கு இன்னும் கோபம், முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறார் என்று என்னிடம் எத்தனை முறை அழுதாய். கோபமெல்லாம் இல்லையடி என்று நானும் எத்தனையோ முறை சொன்னேன். நீ நம்பவில்லை. அக்கா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாய்.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டால், அவரைத்தான் திட்ட வேண்டும். கோலாருக்குக் கூட்டிப்போய்க் காது டாக்டரிடம் காட்டினேன். நரம்பு செத்துவிட்டது, திரும்ப வராது, இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்றார். மெஷின் ஒன்று கொடுத்தார்கள். விசில் அடிக்கிறதென்று இரண்டு நாளில் கழற்றி பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டார். எடுத்துக் கையில் கொடுத்தால், மெஷினால போன காதுக்கு இன்னொரு மெஷினா என்று என்னையே கேட்கிறார். உனக்குச் சொல்லட்டுமா என்று கேட்டதற்குத்தான் அப்படிக் கோபம் வந்தது. “அது அங்க தனியா கீது. சொன்னா அழும். வுடு” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை எனக்கும் அம்மாவுக்கும் கொடுத்துவிட்டு அவர் நிம்மதியாகப் பேப்பர் படிக்கிறார். இரண்டு பேருக்கு நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். இன்றோடு எனக்குப் போதும்.

இப்போது அந்தக் கீச்சுக்குக் காரணம் சொல்கிறேன். நீ குரல் அனுப்பிய மறுநாள் மத்தியானம். ஆடிக் காற்றில், சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டு மண் வீட்டுக்குள் அடிக்கிறதென்று கதவைச் சாத்திவிட்டு வேலையில் உட்கார்ந்தேன். நீ அங்கே துணி அலமாரிக்குள் போர்வையை மூடிக்கொண்டு பாடியிருக்கிறாய். அதனால்தானோ என்னவோ, யாருக்கும் பயப்படாமல் பழைய தொண்டையைத் திறந்து பாடியிருந்தாய். நல்ல குரல்தான், ஆனால் குத்தியது. எந்த இடம் குத்துகிறது என்று கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. ஈக்வலைசரில் ஒரு சின்ன இடத்தை மட்டும் வேண்டுமென்றே உயரத் தூக்கி, கீழிருந்து மேலாக நகர்த்திக்கொண்டே போவோம். எங்கே காது தாங்கவில்லையோ அதுதான் இடம். அங்கே நிறுத்தி அதை வெட்டிவிடுவோம். பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து நான் ஸ்டுடியோவில் கற்ற முதல் பாடமே அதுதான்.

அப்படி நகர்த்திக்கொண்டே போனேன். மூவாயிரம் தாண்டியதும் அம்மா காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குப் பல் கூசியது. வெட்டப் போகிறேன், மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நைனா தலையைத் தூக்கினார்.

“சுமாவா?” என்றார்.

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இரண்டு வருடத்தில் அவர் உன் குரலைக் கேட்டது அப்போதுதான். எந்த இடத்தை வெட்டிப்போட வேண்டும் என்று படித்தேனோ, அந்த இடத்தில் மட்டும்தான் நீ அவருக்கு எட்டினாய். பிறகு நான் எதை வெட்டுவேன்?

பேப்பரைப் பிடுங்கிவிட்டு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். வார்த்தை புரிந்தால் விரலைத் தூக்கச் சொன்னேன். குரலின் கூர்மையை அப்படியே விட்டு, இன்னும் கொஞ்சம் தீட்டினேன். அதே இடத்தில் வந்து விழுகிற சிலம்புச் சத்தத்தைக் கீழே இறக்கினேன். பம்பையின் ‘டக்’கென்ற அடி உன் வார்த்தையை விழுங்கியது, நீ பாடும் இடங்களில் மட்டும் அதைப் பின்னால் தள்ளினேன். எதிரொலியை முழுக்க எடுத்தேன், அது அவருக்கு வார்த்தையைக் குழப்பியது. பல சாயங்காலம் போனது. கடைசியில் “இறங்கிப் போனவங்கள ஏத்திக் கொண்டா தாயே” என்ற வரிக்கு நைனா விரலைத் தூக்கவில்லை, கூடவே பாடினார். சுருதி சேரவில்லை, அதை விடு. மிக்ஸ் முடிந்தது என்று அப்போதுதான் எழுந்தேன். நீ கேட்டுக் கூசியது அந்த மிக்ஸ்தான். எனக்கு வேலை தெரியவில்லை என்று நினைத்துவிட்டாய், இல்லையா? சொல்லடி.

முதல் பாட்டு முறை என்றால் என்ன என்று நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் மறந்தவளாக வைத்துச் சொல்கிறேன். கூழ் ஊற்றுகிற வெள்ளிக்கிழமை, பானையைத் திறக்கும் முன், ஒரு வீட்டுப் பெண்ணின் பாட்டு அம்மன் முன்னால் கேட்க வேண்டும். வீடு வீடாகச் சுற்றி வருகிற முறை. நம் வீட்டுக்கு இந்த வருடம் வந்தது. இதை விட்டால் அடுத்து வரும்போது நைனா இருக்க வேண்டும், காதும் இருக்க வேண்டும். எனக்குக் குரல் கிடையாது. நீ வர முடியாது, லீவு கிடைக்கவில்லை. அதனால் ரெக்கார்டு செய்து போடலாம் என்று கமிட்டியில் மன்றாடி ஒப்புக்கொள்ளவைத்தவர் நைனாதான். பங்காருபேட்டையில் இருக்கிற பழைய ஷிப்டு ஆட்களுக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார். என் சின்னப் பொண்ணு பாட்டு, வந்துடுங்க என்று.

வந்தார்கள். பாட்டு போட்டார்கள். நைனா இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பம்பை அதிர்ந்தது. நீ பாடினாய். ஜனம் தலையாட்டியது. நைனா அசையவில்லை. ஏத்திக் கொண்டா தாயே வரியும் வந்து போய்விட்டது. பாட்டு முடிகிற நேரத்தில் என் கையைத் தட்டிக் கேட்டார்.

“இன்னா வாணி, மேளமே அடிச்சினு கீறாங்க. சுமா எப்போ பாடுவா?”

சுற்றிலும் அவருடைய பழைய ஆட்கள். பாடியாச்சு நைனா, உனக்குத்தான் கேட்கலை என்று அவர்கள் முன்னால் கத்தியா சொல்ல முடியும்? மெதுவாகச் சொன்னால் அவருக்கு விளங்காது. அடுத்தது அவதான் என்று சைகை காட்டினேன். அடுத்ததும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, எல்லாம் கேசட் காலத்து அம்மன் பாட்டுகள். கூழ் ஊற்றி முடித்தார்கள். கூட்டம் கலைந்தது. மைக் செட்காரன் ஹாரனைக் கழற்றுகிற வரைக்கும் அந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவருடைய ஆட்கள் போகும்போது கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். உன்னைப் பாராட்டத்தான் குலுக்கினார்கள், அவர் வழக்கமான வணக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டார். “போடவேணான்னு சுமாவே சொல்லிட்டாளா?”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். ஆனால் அதுதானே நடந்தது? நைனா கேட்ட குரலை நீதானே வேண்டாம் என்றாய்? திருவிழாவுக்கு மறுநாள் உன்னிடமிருந்து மெசேஜ். எல்லாருக்கும் பிடிச்சிருந்ததாமே, பாத்தியா அக்கா என்று. கூடவே சிரிக்கிற மூஞ்சி ஒன்று. போனைச் சுவரில் எறியாமல் வைத்ததே பெரிது.

இப்போது இங்கே என்ன நடக்கிறது என்றும் தெரிந்துகொள். தினமும் காலையில் காபி குடித்ததும், என் அறைக்கு வந்து, போடு என்கிறார். என் மிக்ஸைப் போடுகிறேன். முழுச் சத்தத்தில். பக்கத்து வீட்டில் சன்னலைச் சாத்துகிறார்கள். எனக்குப் பாட்டே வெறுத்துவிட்டது. முட்டி வலியோடு அம்மா அதற்குள் தெருக்கோடிக்குப் போய்த் திரும்பிவிடுகிறாள். நைனா மட்டும் விரலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முந்தாநாள் பாட்டு முடிந்ததும் ஸ்பீக்கரைப் பார்த்து, “சாப்டியாம்மா?” என்றார். நான் பார்த்துவிட்டேன் என்றதும் சிரித்து மழுப்பிவிட்டு வெளியே போய்விட்டார். அந்தப் பாட்டு அவருக்கு என்ன பதில் சொல்லும், சுமா?

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, உனக்குச் சொல்லாமல் ஒன்று செய்து பார்த்தேன். போனை என் மிக்சரில் சொருகி, நீ பேசுவதைப் பெரிய ஸ்பீக்கரில் விட்டு, அந்த நாலாயிரத்தை ஏற்றிக்கொண்டே போனேன். நைனா ஸ்பீக்கர் அருகில் காதை வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை. நீ பேசுகிற பேச்சில் அந்த இடமே காலி. ஏற்ற ஏற்ற இரைச்சல்தான் ஏறியது. இல்லாததை எந்த மெஷினாலும் ஏற்ற முடியாது. நீ கொடுத்தால் நான் ஏற்றுகிறேன்.

மன்னிப்புக் கேட்டு எனக்கு மெசேஜ் போடாதே. கிரணிடம் சொல்லி மறுபடி மிக்ஸ் செய்யவும் வேண்டாம். வருகிற ஞாயிறு போன் செய். காதில் மாட்டிப் பேசுகிற அந்தச் சின்ன இயர்போனையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, வீட்டுக்குள் முடியாவிட்டால் கடற்கரைக்கோ பார்க்குக்கோ போய், குழாயில் தண்ணீர் வந்தால் எப்படிக் கத்துவாயோ அப்படி, நைனா என்று கூப்பிடு. வார்த்தை வார்த்தையாக, வாயைத் திறந்து. சாப்பிட்டேன் என்று சொல். அது போதும். அந்த ஊர்க்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும். மாப்பிள்ளை முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அவருக்கும் ஒரு கடிதம் எழுதத் தயாராக இருக்கிறேன்.

நீ கூப்பிடப் போவதை நைனாவிடம் நான் சொல்லப்போவதில்லை. சொல்லவும் தேவையில்லை. ஒன்றும் கேட்காது என்று தெரிந்தே, ஞாயிறு தோறும் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, நீ போன் செய்கிற நேரத்துக்கு முன்பே வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார்.

அங்கே குளிர் என்கிறாய். மிளகு தட்டிப் போட்டு வெந்நீர் குடி. உன் தொண்டைக்கு ஒரு குறையும் வராமல் நம் அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். கத்துடி, தங்கமே. அவருக்குக் காது இருக்கும்போதே கத்து.

கோபம் ஆறாத உன் அக்கா,
வாணி